மேனேஜரைத் தூக்கு... அப்புறம்?

உங்க செட்டுல கண்டிப்பா ஒரு மான்செஸ்டர் யுனைடெட் பார்ட்டி இருக்கும். கண்டுபிடிக்கறது ரொம்ப ஈஸி. சனிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் சிரிச்சுப் பேசிட்டு இருக்கும். ஞாயித்துக்கிழமை காலையில முகம் தொங்கிப் போயிருக்கும். ‘‘என்ன மச்சி, நேத்து மேட்ச்ல...’’னு நீங்க வாயைத் திறக்கறதுக்குள்ள, ‘‘மொதல்ல இந்த மேனேஜரை மாத்தணும்டா!’’னு ஆரம்பிச்சிடும். அதோட உங்க ஞாயித்துக்கிழமை காலி!

பாவம், அவங்களைச் சொல்லியும் குத்தம் இல்லை. 2013-லேர்ந்து உலகம் பூரா நடக்கற பஞ்சாயத்து இது. மான்செஸ்டர் பப்புல பீர் கிளாஸோட உக்காந்திருக்கற பெருசுலேர்ந்து, பாதி ராத்திரி கண் முழிச்சு டி.வி. பாக்கற நம்ம ஹாஸ்டல் பையன் வரைக்கும் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: ‘அடுத்த மேனேஜர் யாரு?’ இந்த வாரம் நாமளும் ஒரு சொம்பைத் தூக்கிட்டு ஆலமரத்தடிக்குப் போவோம் வாங்க.

போறதுக்கு முன்னாடி, கிரிக்கெட் மட்டுமே பாக்கற மகா ஜனங்களுக்கு ஒரு குட்டி விளக்கம். இங்கிலீஷ் ஃபுட்பால்ல மேனேஜர்னா ஃபைல் பாக்கற ஆபீஸர் இல்லை. டீமைத் தேர்வு பண்றது, பயிற்சி குடுக்கறது, மேட்ச் நடுவுல ஆளை மாத்தறது, தோத்தா மைக் முன்னாடி வந்து திட்டு வாங்கறது... எல்லாம் இவர்தான். நம்ம கிரிக்கெட் கேப்டன், கோச், செலக்டர் மூணு பேரையும் ஒரே கோட்டுக்குள்ள திணிச்சா எப்படி இருக்கும்? அதான் மேனேஜர். அதனாலதான் திட்டறதுக்கும் அவ்வளவு வசதி!

நாலு கட்சி, நாப்பது வாய்!

இந்தப் பஞ்சாயத்துல எப்பவும் நாலு கட்சிங்க இருக்கும். நல்லா கவனிங்க, உங்க செட்டுலயும் இதே நாலுதான்.

முதல் கட்சி, ‘டைம் குடு’ கட்சி. ‘‘ஃபெர்குசனுக்கே மூணரை வருஷம் ஆச்சு. பொறுமை வேணும்ப்பா’’ன்னு பெருமூச்சு விடற கோஷ்டி.

ரெண்டாவது, ‘பெரிய தலை’ கட்சி. ‘‘கப்பு ஜெயிச்ச ஆளைக் கூட்டிட்டு வா. டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ள நடந்து வந்தாலே பசங்க எந்திரிச்சு நிக்கணும்.’’

மூணாவது, ‘நம்ம வீட்டுப் பையன்’ கட்சி. ‘‘நம்ம கிளப்புல ஆடின பழைய பிளேயரைப் போடு. அவன் ரத்தத்துலயே கிளப் ஓடுது.’’

நாலாவது, ‘புது மூளை’ கட்சி. ‘‘யூரோப்ல ஒரு இளம் கோச் புதுசா ஒரு சிஸ்டம் வெச்சிருக்கார். அவரைத் தூக்கிட்டு வந்தா அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லை.’’ இந்தக் கட்சிக்காரங்க பேசும்போது காபி டேபிள்ல உப்பு டப்பா, சர்க்கரை டப்பாவை எல்லாம் நகர்த்தி ஃபார்மேஷன் காட்டுவாங்க.

நீங்க எந்தக் கட்சி? எதுவா இருந்தாலும் சரி, உங்களுக்கு ஒரு நியூஸ். இந்த நாலு கட்சியும் ஏற்கெனவே ஜெயிச்சு, ஆட்சியைப் புடிச்சு, கவுந்தும் போயாச்சு!

எல்லாரும் ஆண்டு முடிச்சாச்சு

26 வருஷத்துக்கு மேல சிம்மாசனத்துல இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன், 2013 மே மாசம் லீக் கப்பைக் கையில வெச்சுக்கிட்டே ரிட்டயர் ஆனார். மைக் பிடிச்சு ரசிகர்கள்கிட்ட, ‘புது மேனேஜர் பக்கம் நில்லுங்க’ன்னு கேட்டுக்கிட்டார். எவர்ட்டன்லேர்ந்து டேவிட் மோயஸ் வந்தார். காண்ட்ராக்ட் 6 வருஷம். ரசிகர்கள் கேலரியில, ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்’ங்கற அர்த்தத்துல அவர் முகம் போட்ட பேனரே தொங்கவிட்டாங்க. ‘டைம் குடு’ கட்சியோட பொற்காலம் இது.

போன வருஷ சாம்பியன், இந்த வருஷம் 7-வது இடம். 2014 மார்ச்ல மைதானத்துக்கு மேல ஒரு குட்டி பிளேன் பறந்துச்சு. வால்ல ஒரு பேனர்: ‘தப்பான ஆளு, மோயஸ் வெளியே போ’ங்கற மாதிரி. கொஞ்சம் ரசிகர்கள் காசு போட்டு வாடகைக்கு எடுத்த பிளேன். இதுல தமாஷ் என்னன்னா, கீழ ஸ்டேடியத்துல உக்காந்திருந்தவங்க அந்த பிளேனைப் பாத்து ஊளையிட்டாங்க. மோயஸுக்குக் கை தட்டினாங்க! அவ்வளவு பொறுமை. ஆனா, ஏப்ரல் 20-ம் தேதி எவர்ட்டன்கிட்ட தோத்து, சாம்பியன்ஸ் லீக் சான்ஸ் கணக்குப்படி கைவிட்டுப் போச்சு. ரெண்டே நாள்ல மோயஸ் அவுட். கை தட்டின ரசிகனை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை.

அடுத்து ‘பெரிய தலை’ கட்சி ஆட்சி. 2014-ல லூயி வான் கால். அயாக்ஸ், பார்சிலோனா, பயர்ன் மியூனிக்னு பெரிய பெரிய கிளப்பா ஆண்டவர். 2016 மே 21-ம் தேதி எஃப்.ஏ. கப் ஜெயிச்சார். மே 23-ம் தேதி வேலை போச்சு! கப்புல ஊத்தின ஷாம்பெயின்கூடக் காஞ்சிருக்காது. அப்புறம் ஜோசே மொரீனியோ. 2017-ல லீக் கப், யூரோப்பா லீக் ரெண்டும் ஜெயிச்சார். அடுத்த சீசன்ல 81 பாயின்ட்டோட 2-வது இடம். 2018 டிசம்பர்ல பெட்டியைக் கட்டினார்.

அடுத்து, ‘நம்ம வீட்டுப் பையன்’. 1999 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல கடைசி நிமிஷ கோல் அடிச்ச ஓலே குன்னர் சோல்ஷியர் தற்காலிகமா வந்தார். 19 மேட்ச்ல 14 ஜெயிச்சார். 2019 மார்ச்ல பாரிஸ்ல போய் பி.எஸ்.ஜி.யை ஜெயிச்ச ராத்திரி, பழைய பிளேயர் ரியோ ஃபெர்டினாண்ட் டி.வி.யில உக்காந்துகிட்டு, காண்ட்ராக்டை எடுத்து ஓலே முன்னாடி வைங்க, என்ன வேணுமோ எழுதிக்கட்டும்கற ரேஞ்சுக்கு உருகினார். அந்த மாசமே வேலை நிரந்தரம் ஆச்சு. 3-வது இடம், 2-வது இடம்னு ஏறி, 2021 நவம்பர்ல வாட்ஃபோர்டுகிட்ட 4-1-னு தோத்து வெளியே போனார்.

கடைசியா ‘புது மூளை’ கட்சி. 2022-ல எரிக் டென் ஹாக். ஒரு லீக் கப், ஒரு எஃப்.ஏ. கப். 2024 அக்டோபர்ல டாட்டா. அப்புறம் போர்ச்சுகல்லேர்ந்து ரூபன் அமோரிம், வயசு 39, கையில 3-4-3 சிஸ்டம். 2024-25 சீசனை 15-வது இடத்துல முடிச்சார். 1974-ல கிளப் ரெண்டாம் டிவிஷனுக்கு இறங்கினதுக்கு அப்புறம் இவ்வளவு மோசமா முடிச்சதே இல்லை. 2026 ஜனவரியில அவரும் கிளம்பினார்.

எண்ணிப் பாருங்க. நடுவுல தற்காலிகமா வந்து நின்னவங்களைக் கழிச்சுட்டுப் பாத்தாலே, பன்னண்டரை வருஷத்துல 6 பேர். பொறுமைசாலி வந்தாச்சு, மகாராஜா வந்தாச்சு, மண்ணின் மைந்தன் வந்தாச்சு, விஞ்ஞானி வந்தாச்சு. நோய் மட்டும் அப்படியே இருக்கு. அப்போ நாம டாக்டரை மட்டுமே மாத்திட்டு இருக்கோம்னு அர்த்தமா?

பெட்ஷீட் பேனர் சொன்ன கதை

இரு இரு, ஃபெர்குசன் கதைக்கு என்ன பதில்னு ‘டைம் குடு’ கட்சி கையைத் தூக்குது. நியாயம். அந்தக் கதையையும் பாத்துடுவோம்.

1986 நவம்பர்ல ஃபெர்குசன் வரும்போது 22 டீம்ல யுனைடெட் 21-வது. முதல் சீசன் 11-வது இடம். அடுத்து 2-வது. ஆஹான்னு நிமிர்ந்தா, மறுபடி 11. 1989 செப்டம்பர்ல, பக்கத்து வீட்டு மான்செஸ்டர் சிட்டி 5-1-னு போட்டுத் தாக்குச்சு. அந்த டிசம்பர்ல கிறிஸ்டல் பேலஸ் மேட்ச்ல ஒரு ரசிகர் பெட்ஷீட்ல பெயின்ட் அடிச்சுத் தூக்கிக் காட்டினார். விஷயம் இவ்வளவுதான்: மூணு வருஷமா சாக்குதான் சொல்றே, ஆட்டம் இன்னும் மட்டம், போயிட்டு வா ஃபெர்கி! அன்னிக்கும் தோத்தாங்க.

1990 ஜனவரி 7. எஃப்.ஏ. கப்ல நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டோட மேட்ச். தோத்தா ஃபெர்குசன் கதை முடிஞ்சுதுன்னு பத்திரிகைங்க எழுதிட்டு இருந்த நேரம். மார்க் ராபின்ஸ்ங்கற சின்னப் பையன் தலையால முட்டி ஒரு கோல் போட்டான். 1-0. அந்தக் கப்பை அந்த வருஷம் ஜெயிச்சாங்க. அடுத்த வருஷம் பார்சிலோனாவை ஜெயிச்சு யூரோப்பியன் கப் வின்னர்ஸ் கப். 1993-ல, 26 வருஷத்துக்கு அப்புறம் லீக். அதுலேர்ந்து ஃபெர்குசன் போற வரைக்கும் மொத்தம் 13 லீக்!

சூப்பர் கதைதான். ஆனா, நாம சொல்லும்போது ஒரு பாதியை முழுங்கிடறோம். அந்த மூணு வருஷமும் அவர் சும்மா தோத்துட்டு உக்காந்திருக்கலை. ஊர் ஊராப் பசங்களைத் தேட ஆள் போட்டார். ரயன் கிக்ஸ்ங்கற 14 வயசுப் பையனோட வீட்டுக்கே போய்க் கிளப்புக்குக் கூட்டிட்டு வந்தார். கிளப் தலைவர் மார்ட்டின் எட்வர்ட்ஸ் அதையெல்லாம் கூடவே இருந்து பாத்துட்டு இருந்தவர். ஃபெர்குசன் வேலைக்கு அப்போ ஆபத்தே இல்லைன்னு பின்னாடி பல தடவை சொல்லியிருக்கார். அதாவது, மேல இருந்தவங்க கண்ணை மூடிட்டுப் பொறுமையா இருக்கலை, பாத்துட்டுப் பொறுமையா இருந்தாங்க. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு, பாஸ்!

இன்னொண்ணு. பொறுமை, மண்ணின் மைந்தன் எல்லாம் அந்தக் காலத்துலயும் எப்பவும் பலிச்சதுன்னு நினைக்காதீங்க. 1969-ல மகா மேனேஜர் மேட் பஸ்பி ஒதுங்கினப்போ, கிளப்பிலேயே வளர்ந்த வில்ஃப் மெக்கின்னஸைப் போட்டாங்க. வயசு 31. அவர் மேய்க்க வேண்டிய ஸ்டார் பாபி சார்ல்டன், அவரைவிட ரெண்டு வாரம் மூத்தவர்! நேத்து வரைக்கும் ‘டேய் வில்ஃப்’னு கூப்பிட்டவங்களை இன்னிக்கு ‘நாலு ரவுண்டு ஓடு’ன்னு சொல்லணும்னா எப்படி இருக்கும்? 1970 டிசம்பர்ல அவரை இறக்கிட்டு பஸ்பியே திரும்ப வந்து உக்காந்தார்.

துணி ஒருத்தர், அளவு இன்னொருத்தர்

சரி, நோய் எங்க இருக்கு? ஒரு தையல் கடையைக் கற்பனை பண்ணிக்கோங்க. முதல் டெய்லர் பேன்ட்டுக்குத் துணி வாங்கறார். அவரைத் துரத்திட்டு ரெண்டாவது டெய்லரைக் கொண்டுவர்றாங்க. அவர் ‘எனக்கு வேட்டிதான் தெரியும்’கறார். புதுத் துணி வாங்கறாங்க. மூணாவது ஆள் ஷெர்வானி ஸ்பெஷலிஸ்ட். கடைசியில கடை பூரா மிச்சத் துணி, போட்டுக்க ஒரு சட்டை இல்லை.

யுனைடெட்ல நடந்தது அச்சு அசல் இதான். வான் கால் காலத்துல, 2014-ல, ஏஞ்செல் டி மரியாவை சுமார் 6 கோடி பவுண்டுக்கு வாங்கினாங்க. ஒரே வருஷத்துல நஷ்டத்துக்கு வித்தாங்க. மொரீனியோ வந்ததும், 2012-ல தாங்களே விட்ட பால் போக்பாவை 8.9 கோடி பவுண்டு குடுத்துத் திரும்ப வாங்கினாங்க. டென் ஹாக் தன்னோட பழைய கிளப் அயாக்ஸ்லேர்ந்து ஆன்ட்டனியைக் கொண்டுவந்தார். விலை 8 கோடி பவுண்டுக்கு மேல. 2025-ல ஸ்பெயின் கிளப் பெட்டிஸுக்கு வித்தப்போ, அதுல மூணுல ஒரு பங்குகூடத் தேறலை. இப்படி நாலு பேர் ருசிக்கு வாங்கின கும்பலைக் கையில குடுத்துத்தான், அமோரிம்கிட்ட 3-4-3 ஆடச் சொன்னாங்க.

2013 கோடையிலேயே இதுக்குப் பிள்ளையார் சுழி போட்டாச்சு. ஃபெர்குசன் போன அதே சமயம், பிளேயர் வாங்கறது விக்கறதெல்லாம் பாத்துட்டு இருந்த தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் கிளம்பிட்டார். அந்த இடத்துக்கு வந்த எட் உட்வர்ட், பேங்க் உத்தியோகத்துலேர்ந்து வந்தவர். மோயஸோட பழைய டீம்ல ஆடின ஃபெல்லைனியை, ஜூலை கடைசிக்குள்ள வாங்கியிருந்தா 2.35 கோடி பவுண்டு. இவங்க கடைசி நாள் ராத்திரி வரைக்கும் தூங்கிட்டு, 2.75 கோடிக்கு வாங்கினாங்க. சொந்த வீட்டு மாட்டைச் சந்தையில போய் அதிக விலைக்கு வாங்கின கதை!

அடுத்து காண்ட்ராக்ட் காமெடி. மொரீனியோவுக்கு 2018 ஜனவரியில காண்ட்ராக்டை நீட்டினாங்க, டிசம்பர்ல வெளியே அனுப்பினாங்க. சோல்ஷியருக்கு 2021 ஜூலையில நீட்டினாங்க, நவம்பர்ல அனுப்பினாங்க. டென் ஹாக்கை வெச்சுக்கலாமா வேணாமான்னு யோசிச்சு, வேற ஆள்கிட்ட எல்லாம் பேசிப் பாத்துட்டு, 2024 ஜூலையில நீட்டினாங்க, அக்டோபர்ல அனுப்பினாங்க. காண்ட்ராக்ட் நீளம்னா நஷ்ட ஈடும் நீளம். மொரீனியோவையும் அவர் ஆட்களையும் அனுப்பின செலவு 1.96 கோடி பவுண்டு. டென் ஹாக் குரூப்புக்கு 1.04 கோடி. ஒரே தப்பு மூணு தடவை! இதுல மேனேஜர் மட்டும்தான் குத்தவாளியா?

பில் யாருக்கு வருது?

இங்கதான் மேட்டர் சீரியஸ் ஆகுது. ‘கோடீஸ்வரன் காசு, எப்படியோ போகட்டும்’னு நினைப்பீங்க. போகலை, பாஸ். 2005-ல அமெரிக்காவின் கிளேஸர் குடும்பம் சுமார் 79 கோடி பவுண்டுக்கு இந்தக் கிளப்பை வாங்கினப்போ, கடன் வாங்கித்தான் வாங்கினாங்க. அந்தக் கடனோட பெரும்பகுதியைக் கிளப் தலையிலேயே கட்டினாங்க. அதுக்கு வட்டி கட்டறது, ரசிகன் வாங்கற டிக்கெட்டும் ஜெர்ஸியும்தான்.

2024-ல பெரிய தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் கால் பங்குக்கு மேல வாங்கி, ஃபுட்பால் பொறுப்பை எடுத்துக்கிட்டார். ‘இனி எல்லாம் புரொஃபஷனல்’னு பேச்சு. மேனேஜரைத் தேர்வு பண்ற வேலைக்கெல்லாம் ஸ்பெஷலிஸ்ட் வேணும்னு, மாசக்கணக்கா காத்திருந்து நியூகாஸில்லேர்ந்து டான் ஆஷ்வொர்த்தைக் கூட்டிட்டு வந்தாங்க. 5 மாசத்துல அவரும் அவுட்! மேனேஜரைத் தேர்ந்தெடுக்கற ஆளையே தேர்ந்தெடுக்கத் தெரியலைன்னா, என்ன பண்றது?

அதே 2024-ல சுமார் 250 ஊழியர்களுக்கு வேலை போச்சு. 2025 பிப்ரவரியில, இன்னும் 150-லேர்ந்து 200 பேரைக் குறைக்கப் போறதா அறிவிச்சாங்க. ஓல்டு டிராஃபோர்டுல ஸ்டாஃப் கேன்டீனை மூடறோம்னாங்க. இலவச மதியச் சாப்பாடு கட், பழம் உண்டு! சீசன் நடுவுல, 2024 நவம்பர்ல, மிச்சம் இருந்த மெம்பர் டிக்கெட்டை எல்லாம் 66 பவுண்டு ஆக்கினாங்க. சின்னப் பசங்க, பெருசுங்க யாருக்கும் சலுகை கிடையாது. மேனேஜருக்குக் கோடியில நஷ்ட ஈடு குடுத்த அதே கிளப்தான் இது. டிக்கெட் கிழிக்கறவரும், சமையல் பண்றவரும் 3-4-3 ஆடித் தோத்தாங்களா என்ன?

அதே ஆள், வேற நாற்காலி

பக்கத்து ஊர்ல எப்படிப் பண்றாங்கன்னு பாருங்க. லிவர்பூல்ல 2024-ல யுர்கென் குளோப் போறார்னதும், ரசிகர்கள் பழைய பிளேயர் ஷாபி அலோன்ஸோ பேரைத்தான் ஜபிச்சாங்க. அவர் லெவர்குஸன்லேயே இருக்கேன்னுட்டார். கிளப் பதறலை. நம்மகிட்ட இருக்கற பிளேயர்களை வெச்சு, நாம ஆடற மாதிரியே ஆட வைக்கறது யாருன்னு தேடினாங்க. ஹாலந்துலேர்ந்து ஆர்னே ஸ்லாட் வந்தார். நம்மள்ல பாதிப் பேர் ‘யாருய்யா இவரு?’ன்னு கேட்டோம். பெரிசா புது ஆள் வாங்காமலே, முதல் சீசன்லேயே லீக் ஜெயிச்சார். டெய்லர்தான் மாறினார், அளவு மாறலை.

லண்டன் ஓரத்துல பிரென்ட்ஃபோர்டுன்னு ஒரு குட்டி கிளப். 2018 அக்டோபர்ல உதவி கோச் தாமஸ் ஃப்ராங்கை மேனேஜர் ஆக்கினாங்க. முதல் 10 மேட்ச்ல 8 தோல்வி! வேற எங்கயாவதுன்னா பிளேன் பறந்திருக்கும். ஆனா, ஓனர் மேத்யூ பென்ஹாம் கணக்குல புலி. ஸ்கோரை மட்டும் பாக்காம, எத்தனை நல்ல சான்ஸ் உருவாக்கறாங்க, எத்தனை விட்டுக்குடுக்கறாங்கன்னு நோட்டுப் போட்டுப் பாக்கற ஆள். ஆட்டம் சரியாத்தான் இருக்குன்னு விட்டார். 2021-ல அந்தக் கிளப் 74 வருஷத்துக்கு அப்புறம் முதல் டிவிஷனுக்கு வந்துச்சு, நின்னு ஆடுச்சு. அதே ஃப்ராங்க் 2025-ல டாட்டன்ஹாமுக்குப் போனார். எட்டு மாசத்துல வேலை போச்சு. ஆள் அதே ஆள்தான். நாற்காலிதான் வேற!

ரசிகன் கையில என்ன இருக்கு?

அப்போ ரசிகன் ஏன் மேனேஜர் பேரையே பிடிச்சுத் தொங்கறான்? காரணம் சிம்பிள். ஓனரை மாத்த முடியாது. பிளேயரை வாங்க முடியாது. கேலரியில நின்னு கத்தினா மாறக்கூடிய ஒரே ஆள் மேனேஜர்தான். ஜெர்மனியில ‘50+1’னு ஒரு விதி. பெரும்பாலான கிளப்புல, ஓட்டுல பாதிக்கு மேல மெம்பர்கள் கையில இருக்கணும். அங்க ரசிகன் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு நிர்வாகத்தையே கேள்வி கேக்கலாம். இங்கிலாந்துல அது இல்லை. அதனால, ஒவ்வொரு தடவை மேனேஜரைத் தூக்கும்போதும் ரசிகனோட கோபத்துல பாதி ஆவியாப் போயிடுது. புது ஆள், புது நம்பிக்கை, ஆறு மாசம் நிம்மதி. மேல உக்காந்திருக்கறவங்களுக்கு இதைவிட சீப்பான இன்ஷூரன்ஸ் வேற இருக்கா?

ஆனா ரசிகன் கேள்வியை மாத்திக் கேட்டப்போ என்ன ஆச்சு தெரியுமா? 2021 ஏப்ரல் 18-ம் தேதி ராத்திரி, 12 பெரிய கிளப்புங்க சேர்ந்து ‘சூப்பர் லீக்’னு தனிக் கடை போடறோம்னு அறிவிச்சாங்க. பெரிய கிளப்புங்க ஜெயிச்சு உள்ள வர வேணாம், நிரந்தர சீட்! இங்கிலாந்து கிளப் ஆறு. அதுல யுனைடெட்டும் ஒண்ணு. கொதிச்சுட்டாங்க ஜனங்க. ஜென்ம எதிரி ரசிகர்களெல்லாம் ஒண்ணா நின்னாங்க. 20-ம் தேதி சாயந்திரமே இங்கிலீஷ் கிளப்புங்க ஒவ்வொண்ணா ஜகா வாங்குச்சு. அதே நாள்ல, வருஷக் கடைசியோட கிளம்பறேன்னு உட்வர்ட் அறிவிச்சார். மே 2-ம் தேதி ஓல்டு டிராஃபோர்டு மைதானத்துக்குள்ளேயே ரசிகர்கள் இறங்க, லிவர்பூல் மேட்ச்சையே தள்ளி வெச்சாங்க. பூட்டை உடைச்சு உள்ள போறதை நான் சிபாரிசு பண்ணலை. ஆனா, அந்தக் கொதிப்புக்கு அப்புறம்தான் ரசிகர்கள்கிட்ட கருத்துக் கேட்டு அரசாங்கம் ஒரு ஆய்வு நடத்துச்சு. அது வளர்ந்து, 2025 ஜூலையில சட்டமாவே ஆச்சு. கிளப்புகளைக் கண்காணிக்கத் தனி அமைப்பு. முக்கியமான விஷயங்கள்ல ரசிகர்களைக் கலந்து பேசியாகணும்.

பன்னண்டரை வருஷம் மேனேஜர் பேரைச் சொல்லிக் கத்தினதுல கிடைக்காதது, ‘இந்த முடிவை எடுத்தது யாரு?’ன்னு ரெண்டு நாள் கேட்டதுல ஆரம்பிச்சுது.

அடுத்த பஞ்சாயத்துக்கு நாலு கேள்வி

அதுக்காக மேனேஜர் சண்டையை விட்டுடுங்கன்னு சொல்லலை. அது இல்லாம என்ன ரசிகன்? சண்டை போடுங்க. ஆனா, யாராவது ஒரு பேரைத் தூக்கிப் போட்டா, உடனே இந்த நாலு கேள்வியைக் கேளுங்க.

1. இவர் ஆடற ஆட்டத்துக்கு இப்ப இருக்கற பிளேயர்கள்ல எத்தனை பேர் தேறுவாங்க? நாலு பேர்தான்னா, மறுபடி துணிக்கடை பில்தான்.

2. இவரைத் தேர்ந்தெடுக்கறது யாரு? அவங்க இதுக்கு முன்னாடி தேர்ந்தெடுத்த ஆட்கள் என்ன ஆனாங்க?

3. தோத்தாலும் வெச்சிருக்கணும்னா, ஸ்கோரைத் தவிர எதைப் பாத்து வெச்சிருக்கணும்? இதுக்குப் பதில் இல்லாம ‘டைம் குடு’ன்னா, அது பொறுமை இல்லை, சோம்பேறித்தனம்.

4. இவர் நாளைக்கே போயிட்டா மிச்சம் என்ன இருக்கும்? நல்ல நாலு சின்னப் பசங்களா, இல்லை விக்க முடியாத நாலு காண்ட்ராக்டா?

நாலுக்கும் ஒழுங்கா பதில் வந்தா, அந்த மேனேஜர் பேரு எதுவா இருந்தாலும் பரவாயில்லை, ஓட்டு போடுங்க. வரலைன்னா, குவார்டியோலாவே வந்தாலும் பில் ரசிகன் டேபிளுக்குத்தான் வரும்.

மேனேஜர் நஷ்ட ஈடு வாங்கிட்டுப் போவார். பிளேயர் வேற கிளப்புக்குப் போவார். ஓனர்கூட நல்ல விலை வந்தா வித்துட்டுப் போயிடுவார். எங்கயும் போகாம அதே சீட்ல உக்காந்திருக்கப் போறது ரசிகன் மட்டும்தான். நிரந்தரமா இருக்கப் போற ஆளுக்குக் கேள்வி கேக்கற உரிமையும் ஜாஸ்திதானே?

சரி, சொம்பைக் கீழ வைக்கறேன். தீர்ப்பை உங்க செட்டுல சொல்லிக்கோங்க. அடுத்த வாரம் வேற மேட்டரோட வர்றேன். அதுவரைக்கும்... ஜூட்!